பக்கெட்டா, பொக்கேயா? பட்ரீசியா ரூட்லெட்ஜ் டிவிடிகளை வாங்குமுன்

பட்ரீசியா ரூட்லெட்ஜ் நடித்த பிரிட்டிஷ் டிவி தொடரின் இந்த நகைச்சுவையைப் புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே ஒரு தெரு இருக்கிறது. ஆட்டோக்காரர் அதை ‘டூமாஸ் ஸ்ட்ரீட்’ என்பார். பிரெஞ்சு படித்தவர் கடைசி ‘ஸ்’ஸை விழுங்கிவிட்டு ‘துய்மா’ என்பார். இரண்டும் ஒரே பலகை, ஒரே எழுத்துதான். ஆனால் அந்த ஒரு ‘ஸ்’ஸை விழுங்கத் தெரிந்தவருக்கு ஒரு மிடுக்கு வந்துவிடுகிறது.

‘கீப்பிங் அப் அப்பியரன்ஸஸ்’ தொடரின் நாயகி ஹயசிந்த் வாழ்நாள் முழுக்கச் செய்வது இதைத்தான். புகுந்த வீட்டுப் பெயர் பக்கெட். நம் குளியலறையில் கிடக்கும் அதே பக்கெட். அம்மாள் அதைப் பிரெஞ்சு மாதிரி உச்சரித்துப் ‘பொக்கே’ ஆக்கிவிடுகிறார். கல்யாண ரிசப்ஷனில் கையில் கொடுப்பார்களே, அந்தப் பொக்கே. தபால்காரரிலிருந்து பாதிரியார் வரை எல்லோரும் அப்படித்தான் சொல்ல வேண்டும். கூடப் பிறந்தவர்கள் டெய்சி, ரோஸ், வயலட். நால்வருக்கும் பூப்பெயர் வைத்துவிட்டுக் கடைசியில் வாளியில் கொண்டு செருகியிருக்கிறார் எழுத்தாளர் ராய் கிளார்க்.

பிபிசியில் 1990 அக்டோபரில் தொடங்கி 1995 கிறிஸ்துமஸில் முடிந்த தொடர் இது. 5 சீசன்கள், கிறிஸ்துமஸ் சிறப்புகளையும் சேர்த்து 44 பகுதிகள். பெரும்பாலானவை அரை மணி நேரம் ஓடும். மொத்தமாக உட்கார்ந்தால் ஏறக்குறைய 22 மணி நேரத்துக்குச் சரக்கு இருக்கிறது. ஹயசிந்தாக நடித்த பட்ரீசியா ரூட்லெட்ஜ் 2025 அக்டோபர் 3 அன்று, 96 வயதில் காலமானார். அவருடைய டிவிடிகளைத் தேடிப் பிடித்து இங்கே வரவழைக்க நினைப்பவர்களுக்காகத்தான் இந்த மதிப்புரை. எதை வாங்குவது, எதை விடுவது, வாங்கியது ஓடாவிட்டால் என்ன செய்வது என்று பார்ப்போம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: வாங்கலாம். ஆனால் படத்துக்காக வாங்காதீர்கள். படம் சுமார்தான். காசு கொடுப்பது ஒரு குரலுக்கு.

அந்தக் குரல் டிவியில் உருவானதில்லை. 1929இல் பர்க்கன்ஹெட்டில் பிறந்து, லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, 1952இல் லிவர்பூல் பிளேஹவுஸ் மேடையில் ஏறியவர். முறையாகப் பாட்டுப் பயின்றவர். 1968இல் ‘டார்லிங் ஆஃப் தி டே’ என்ற இசை நாடகத்துக்காக அமெரிக்காவின் டோனி விருது வாங்கினார். அந்த நாடகம் பிராட்வேயில் 31 காட்சிகளோடு இழுத்து மூடப்பட்டது. நாடகம் விழுந்தும் நடிகைக்கு விருது. 1988இல் லண்டனில் ‘காண்டீட்’ இசை நாடகத்துக்காக ஒலிவியே விருதும் வந்தது. ஹயசிந்த் அமையும்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது.

நம் ஆச்சி மனோரமாவைப் போல நாடக மேடையில் தொண்டையைப் பழக்கிக்கொண்டு, பாட்டும் தெரிந்துகொண்டு, அப்புறம் நகைச்சுவைக்கு வந்தவர் என்று வைத்துக்கொள்ளலாம். இருவரும் ஒரு வசனத்தின் எந்த அசையில் ஏறி எந்த அசையில் இறங்குவது என்பதைக் காதாலேயே கணக்குப் போடுகிறவர்கள்.

தொலைபேசிக் காட்சி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய எல்லாப் பகுதியிலும் வரும். மணி அடிக்கிறது. ஹயசிந்த் உடனே எடுக்கமாட்டார். முதலில் முதுகை நிமிர்த்தி, முகத்தை ஒழுங்குபடுத்திக்கொள்வார், எதிர்முனையில் இருப்பவருக்குத் தெரியப்போவதுபோல. எடுத்ததும் இது பொக்கே இல்லம், பேசுவது வீட்டுத் தலைவி என்று அறிவிப்பு. அந்த ஒற்றை வாக்கியத்தில் குரல் மேல் ஸ்தாயிக்குப் போய் அங்கேயே நின்று உருளும். அடுத்த நொடி, பேசுவது சீன உணவுக்கடை என்று நினைத்துக்கொண்டு யாரோ சாப்பாடு ஆர்டர் செய்கிறார்கள். ‘பொக்கே’யில் உருண்டிருந்த குரல் பொத்தென்று தரைக்கு வரும். அந்த விழுகையில், மறைத்து வைத்திருக்கும் பிறந்த வீட்டுப் பேச்சு ஒரு கணம் எட்டிப் பார்க்கும். மறுபடி மூச்சு இழுத்து மேலே ஏறிக்கொள்வார். வசனத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. எழுதிக் காட்டினால் யாரும் சிரிக்கமாட்டார்கள். சிரிப்பு அந்த ஏற்ற இறக்கத்தில் இருக்கிறது.

பக்கத்து வீட்டு எமெட் இசை நாடகங்களை மேடையேற்றுகிறவர். அவர் கண்ணில் படும்போதெல்லாம் வாய்ப்புக் கேட்டு ஹயசிந்த் பாட ஆரம்பித்துவிடுவார். அவர் புதரில் ஒளிந்து தப்பிப்பார். அந்தப் பாட்டைக் கவனித்துக் கேளுங்கள். சும்மா கத்துவதில்லை. பெரிய பாடகி என்று தன்னை நம்புகிற ஒருத்தி எப்படிப் பாடுவாளோ அப்படி, சுருதியைத் துல்லியமாகக் கால் இழை தள்ளிப் பிடித்துப் பாடுகிறார். சுருதி தெரியாதவரால் இப்படித் தப்பாகப் பாட முடியாது.

இப்போது வாங்கும் விஷயம். டிவிடி எந்த நாட்டுப் பிளேயரில் ஓட வேண்டும் என்று போடும் எண்தான் ரீஜன். இரண்டு வகைத் தொகுப்பு கண்ணில் படும்: பிரிட்டனில் வந்த ரீஜன் 2, அமெரிக்காவில் வந்த ரீஜன் 1. விலை குறைவாகத் தெரிந்தாலும் அமெரிக்கத் தொகுப்பை விட்டுவிடுங்கள். தொடர் பிரிட்டனின் ‘பால்’ (PAL) என்ற டிவி ஒளிபரப்பு முறையில் எடுக்கப்பட்டது. நொடிக்கு 25 ஃபிரேம், 576 வரிகள். அமெரிக்க வட்டில் அதை 30 ஃபிரேமுக்கு மாற்றி, 480 வரிகளுக்குச் சுருக்கியிருப்பார்கள். வரிகள் குறைவதால் படம் மங்கும். ஃபிரேம் மாற்றத்தால் நடக்கும்போதும் கையை வீசும்போதும் லேசான குதிப்பு தெரியும். இந்தியாவும் பால் முறை நாடுதான் என்பதால் பிரிட்டிஷ் வட்டு நம் பிளேயருக்குச் சொந்தக்காரன் மாதிரி.

ஆனால் சொந்தக்காரனுக்கும் வாசலில் ஒரு பூட்டு உண்டு. இந்தியாவில் விற்ற பிளேயர்கள் ரீஜன் 5. ரீஜன் 2 வட்டைப் போட்டால் சிலவற்றில் ‘ராங் ரீஜன்’ என்று வந்து நின்றுவிடும். வட்டு பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். மலிவு பிளேயர்கள் பலவற்றில் வட்டு இல்லாமல் டிரேயைத் திறந்து, ரிமோட்டில் குறிப்பிட்ட எண்களை அழுத்தினால் ரகசிய மெனு வரும். அதில் ரீஜனை 0 என்று வைத்தால் எல்லா வட்டும் ஓடும். அந்த எண் மாடலுக்கு மாடல் மாறும். புளூரே பிளேயரிலும் டிவிடிக்கென்று இந்தப் பூட்டு தனியாக இருக்கும். கணினியில் போடுபவர்கள் இன்னும் ஜாக்கிரதை: டிரைவில் ரீஜனை 5 முறைதான் மாற்ற முடியும். ஐந்தாவது முறை எதை வைத்தீர்களோ அதிலேயே நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். ‘ரீஜன் மாற்றவா?’ என்று கணினி கேட்டால் உடனே சரி கொடுக்காமல், முதலில் வீஎல்சி மாதிரி ஒரு பிளேயர் மென்பொருளில் திறந்து பாருங்கள். பெரும்பாலும் மாற்றாமலே ஓடிவிடும்.

காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தையிலோ வேறெங்கோ பழைய பிளேயர் கண்ணில் பட்டால், வாங்குமுன் ஒரு ரீஜன் 2 வட்டைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். முதல் காட்சி ஓடினால் போதாது. வட்டின் நடுவுக்கும் கடைசிக்கும் தாவிப் பாருங்கள். லென்ஸ் தளர்ந்த பிளேயர் உள்வட்டத்தைப் படித்துவிட்டு வெளிவட்டத்தில் திணறும். பின்னால் எச்டிஎம்ஐ துளை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மஞ்சள் வயரில் படம் எடுத்தால் ஏற்கெனவே சுமாரான படம் இன்னும் கரைந்துவிடும். ஒன்று மட்டும் பயப்பட வேண்டாம்: வட்டின் நடுவாக்கில் படம் அரை நொடி நின்று மறுபடி ஓடினால் அது பழுதில்லை. 8.5 ஜிபி வட்டுகளில் இரண்டு அடுக்கு உண்டு. லேசர் ஓர் அடுக்கிலிருந்து மற்றதற்குத் தாவும் இடம் அது.

படம் 4:3 அளவில் இருக்கும், பழைய டிவி மாதிரி. இன்றைய டிவி அதைத் தானாகவே இழுத்து நிரப்பிவிடும். அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடி, எல்லோரும் ஒரே நாளில் குண்டாகிவிடுவார்கள். ரிமோட்டில் படவடிவம் என்ற இடத்தில் 4:3 அல்லது ஒரிஜினல் என்று மாற்றுங்கள். 43 அங்குல டிவியில் படம் 71 சென்டிமீட்டர் அகலத்துக்கு வரும், இருபக்கமும் கறுப்புப் பட்டை நிற்கும். நிற்கட்டும். ‘ஜூம்’ போடுவது அதைவிட மோசம்: மேலும் கீழுமாகக் கால்வாசிப் படம் போய்விடும். இந்தத் தொடரில் மேலே என்ன இருக்கிறது தெரியுமா? ஹயசிந்தின் தொப்பிகள். தொப்பி இல்லாத ஹயசிந்த் பாதி ஹயசிந்த். இணையத்தில் சுற்றும் துண்டு வீடியோக்கள் பலவற்றில் இப்படித்தான் தலையைச் சீவிவிட்டிருக்கிறார்கள். அசையும் பொருளின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு வந்தால் பிளேயரில் ‘புரோகிரசிவ்’ என்பதை மாற்றி மாற்றிப் பாருங்கள், ஒன்றில் சரியாகிவிடும்.

பெரிய டிவி வாங்கினால் இன்னும் நன்றாக இருக்குமா என்றால், இருக்காது. 576 வரியை 65 அங்குலத்தில் பரப்பினால் வெறும் மெழுக்குதான். 43 போதும், எட்டடி தள்ளி உட்காருங்கள்.

மிச்சப்படும் காசை ஸ்பீக்கரில் போடுங்கள். இன்றைய மெல்லிய டிவிகளின் ஸ்பீக்கர் பின்பக்கமோ கீழ்ப்பக்கமோ பார்த்திருக்கும். ஒலி சுவரில் முட்டித்தான் நம்மிடம் வரும். அதற்குள் மெய்யெழுத்துகள் மழுங்கிவிடும். வேகமான ஆங்கில உச்சரிப்பில் மெய் மழுங்கினால் நகைச்சுவை போச்சு. போதாததற்குச் சித்திரை வெயிலில் மேலே ஃபேன் ஐந்தில் சுற்றும். மேசையில் வைக்கும் சாதாரண ஸ்பீக்கர் ஜோடி ஒன்று, காது உயரத்தில், நம்மைப் பார்த்து இருந்தால் போதும். சவுண்ட்பார் இருந்தால் ‘வாய்ஸ்’ முறையில் வைத்து, பேஸை முழுக்கக் குறைத்துவிடுங்கள். சரவுண்ட் வேண்டவே வேண்டாம்: ஸ்டூடியோவில் உட்கார்ந்திருந்த பார்வையாளர்களின் சிரிப்பை அது அறை முழுக்கப் பரப்பி, வசனத்தை அமுக்கிவிடும்.

ஒலி சரியாக அமைந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை. பக்கத்து வீட்டு எலிசபெத் காபி குடிக்க வரும் காட்சியைப் போடுங்கள். ஹயசிந்தின் விலையுயர்ந்த ராயல் டோல்டன் கோப்பையைக் கையில் வாங்கினாலே அந்த அம்மாளுக்கு நடுக்கம் வந்துவிடும். கோப்பையும் சாசரும் உரசும் ‘கிணிகிணி’ சத்தம் வசனத்துக்கு அடியில் மெல்லக் கேட்க வேண்டும். ஜோசஃபின் டியூசன் அந்த நடுக்கத்தைக் கூட்டிக் கூட்டிக் கொண்டுபோவார்; அதைப் பார்த்துக்கொண்டே ரூட்லெட்ஜ் இன்னும் இனிமையாகப் பேசுவார். கிணிகிணி கேட்கவில்லையென்றால் உங்கள் வீட்டில் பாதித் தொடர்தான் ஓடுகிறது.

கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது ஸ்பீக்கரில் ‘உம்ம்’ என்று இரைச்சல் கேட்டால், இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகையாக இருக்கலாம். சைன் வேவ் என்றால் அநேகமாக வராது. கரண்ட் இருக்கும்போதே இரைகிறதென்றால் டிவி, பிளேயர், ஸ்பீக்கர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் செருகிப் பாருங்கள். வெவ்வேறு பிளக்கிலிருந்து எடுக்கும்போது எர்த் வழியாக வரும் இரைச்சல் அது.

தமிழ் சப்டைட்டில் கிடையாது. ஆங்கில சப்டைட்டில் இருக்கிறதா என்று உறையின் பின்புறத்தில் பார்த்து வாங்குங்கள். முதல் நான்கைந்து பகுதிக்குப் போட்டுக்கொண்டு, காது பழகியதும் நிறுத்திவிடலாம். வசனத்தை முன்கூட்டியே படித்துவிட்டால் அந்தக் குரல் விழுவதற்கு முன்பே நாம் சிரித்து முடித்துவிடுவோம்.

குறைகளும் சொல்ல வேண்டும். ஒரே அச்சு. ஹயசிந்த் யாரையோ அசத்தத் திட்டமிடுவார். உடைந்த காரோடும் பனியனோடும் வாழும் தங்கை வீட்டுக்காரர்கள் வந்து கவிழ்ப்பார்கள். 44 பகுதிக்கும் இதுதான். ஒரு ராத்திரிக்கு இரண்டுக்கு மேல் போட்டால் அலுக்கும். ஐந்து போட்டால் கணவர் ரிச்சர்டின் முகம் உங்களுக்கும் வந்துவிடும். அந்த முகத்துக்கே ஒரு தனிப் பாராட்டு தரலாம். க்ளைவ் ஸ்விஃப்ட் பேசாமல் பெருமூச்சு விடுவதிலேயே ஒரு வசனம் எழுதிவிடுகிறார். முதல் சீசனில் ரோஸாக வருபவர் ஷெர்லி ஸ்டெல்ஃபாக்ஸ், இரண்டாவதிலிருந்து மேரி மில்லர். வட்டு மாறிவிட்டதோ என்று குழம்ப வேண்டாம். கடைசி சீசனில் சோர்வு தெரிகிறது. ரூட்லெட்ஜுக்கும் தெரிந்திருக்கிறது: நிறுத்துவது என்று முடிவெடுத்தவர் அவர்தான். தனியாக வாங்க முடிந்தால் இரண்டும் மூன்றும் போதும். கப்பல் பயணம் வரும் 1993 கிறிஸ்துமஸ் சிறப்பை மட்டும் விடாதீர்கள்.

அதை நிறுத்திவிட்டு அவர் போன இடம் ‘ஹெட்டி வெயின்த்ராப் இன்வெஸ்டிகேட்ஸ்’, 1996 முதல் 1998 வரை. லங்காஷயர் இல்லத்தரசி அறுபது வயதில் துப்பறியத் தொடங்குவது கதை. இது வேறு ரகம். மேலே ஏறிய குரல் முழுக்கக் கீழே வந்து, ஊர்ப் பேச்சில் நிற்கிறது. துப்பு விஷயத்தில் பெரிய முடிச்செல்லாம் கிடையாது. சாவகாசமாக ஓடும், மழை நாளுக்கு நல்லது. கூடவே திரியும் பையன் டொமினிக் மொனகன், பிற்பாடு ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ படங்களில் ஹாபிட்டாக உலகம் சுற்றியவர். காசு குறைவென்றால் இதைத் தள்ளிப்போடலாம்.

தள்ளிப்போடக் கூடாதது நாடகாசிரியர் ஆலன் பென்னட்டின் ‘டாக்கிங் ஹெட்ஸ்’. இரண்டு சீசன், 1988இல் ஒன்று, 1998இல் ஒன்று. இரண்டிலும் ரூட்லெட்ஜுக்கு ஒரு பகுதி உண்டு. ஒரே ஆள், ஒரே கேமரா, அரை மணி நேரப் பேச்சு. பென்னட்டின் 1982 நாடகம் ஒன்றிலும் இப்படித் தனியாக உட்கார்ந்து பேசியிருக்கிறார். நகைச்சுவைக் கலைஞர் விக்டோரியா வுட்டின் 1985 டிவி நிகழ்ச்சியில் கிட்டி என்ற பாத்திரமாக வந்து பேசிவிட்டுப் போகும் சிறு துண்டுகளும் இதே கைவேலை. சிரிக்க மட்டும் வேண்டுமென்றால் கிட்டியிலிருந்து தொடங்குங்கள்.

வட்டுகளை வைக்கும் இடம் பற்றியும் ஒரு வார்த்தை. கடற்காற்று அடிக்கும் ஊர். ஈரம் ஏறினால் வட்டின் விளிம்பு வழியாக உள்ளே இருக்கும் அலுமினியப் படலம் அரிக்கத் தொடங்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசித்துளைகளாகத் தெரியும். அப்புறம் அதற்கு வைத்தியமில்லை. மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, கடல் பார்த்த சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். துடைப்பதென்றால் மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்க்கோடாக. தட்டு துடைப்பதுபோல வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடே ஓடும், பிளேயரால் தாண்ட முடியாது. குறுக்குக் கீறல் என்றால் தாண்டிவிடும்.

‘டாக்கிங் ஹெட்ஸ்’ முதல் சீசனில் ‘எ லேடி ஆஃப் லெட்டர்ஸ்’ என்ற பகுதியைப் பொக்கே அம்மாளைப் பத்துப் பகுதியாவது பார்த்த பிறகு போடுங்கள், முன்னால் வேண்டாம். புகார்க் கடிதம் எழுதுவதே பிழைப்பாக இருக்கும் தனிக்கட்டைப் பெண் ஒருத்தி. ஜன்னல் வழியே எதிர்வீட்டைக் கண்காணித்துக்கொண்டு, எல்லோரையும் திருத்தப் பார்க்கிறவள். அதே கறார், அதே தன்னம்பிக்கை, ஏறக்குறைய அதே குரல். ஆனால் இதில் ஸ்டூடியோச் சிரிப்பு கிடையாது. எந்த இடத்தில் சிரிப்பது என்று நமக்கு யாரும் சொல்வதில்லை. பழக்கத்தில் சிரித்துக்கொண்டே போவோம். ஏறக்குறைய பாதியில் அவர் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு நிறுத்துவார். அந்த நிறுத்தத்துக்கு மட்டுமாவது ஃபேனை அணைத்துவிடுங்கள்.